பார்க்காமல் அனுப்பும் பெட்டி

ஒரு கல்யாணம் நடப்பதும் நடக்காததும் ஒரு ஸ்விட்ச் எந்த முறையில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து நின்றது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார். “நீ எதையும் பெருசாக்கிருவ” என்பார். பெருசாக்குகிறவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லை. எல்லாம் என் கண் முன்னால், ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்து முடிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் நான்தான். வேறு யாரும் கிடையாது. இரண்டாம் மாடியில் ஏசி போட்ட ஒரு அறை, அதில் இரும்பு அலமாரி மாதிரி ஒரு ரேக், ரேக் நிறைய விளக்கு மின்னுகிற பெட்டிகள். அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. சித்திரை வெயிலில் கையில் ஸ்வெட்டரோடு டவுன் பஸ்ஸில் ஏறுகிறவளை மதுரை எப்படிப் பார்த்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம், வெளியே தமிழ், மிஷினோடு இங்கிலீஷ். கோபம் வந்தால் மட்டும் மூன்றில் எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது. அந்தக் கோபமோ அடிக்கடி வரும்.

கீழே தரைத் தளத்தில் ஸ்கேன் பிரிவு. அதற்கு இன்சார்ஜாக ஒரு அண்ணன் இருந்தார், சமயநல்லூர்க்காரர். நெற்றியில் பட்டை, தேய்த்த வெள்ளைச் சட்டை, யாரிடமும் வீண் பேச்சுக் கிடையாது. காலையில் வந்ததும் ஸ்கேன் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவார். அவருடைய அக்கா மகள் அதே பிரிவில் ரிப்போர்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத பெண். தாய்மாமன்தான் வளர்த்துப் படிக்க வைத்து இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் காதுகுத்துக்கூட நடக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கேபிள் வேலை எடுத்துச் செய்கிறவன் எனக்கு ஒரு தம்பி மாதிரி. கூடப் பிறந்த தம்பியோடு போடுகிற சண்டையெல்லாம் அவனோடும் போடுவேன். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. அய்யாவும் ஆத்தாவும் ஊரார் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவன் டிப்ளமோ முடித்து, நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, சொந்தமாகத் தொழில் நடத்துகிற அளவுக்கு வந்திருந்தான். வேலை சுத்தம். வாய்தான் ஓயாது; ஏணியில் நிற்கும்போதும் பேசுவான், பல்லில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் பேசுவான். ஸ்கேன் பிரிவில் ஒரு வயரும் கெடாமலே வாராவாரம் ‘செக் பண்ண’ வருவான். அந்தப் பெண் இருக்கிற பக்கத்து வயர்கள்தான் அதிகமாகச் செக் ஆகும்.

ஒருநாள் மேலே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அக்கா, ஊர்லருந்து அய்யாவையும் ஆத்தாவையும் சமயநல்லூருக்கு அனுப்பிட்டேன்க்கா, பொண்ணு கேட்டு” என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அட எமகாதகா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?” என்று ஸ்வெட்டர் கையாலேயே அவன் முதுகில் ஒன்று போட்டேன். பெண்ணின் தாய்மாமன் என்ன சொன்னார் என்று கேட்டேன். காபி கொடுத்தாராம், மழையைப் பற்றிப் பேசினாராம், ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று அனுப்பிவிட்டாராம். அவர் மனதில் கவர்மென்ட் மாப்பிள்ளை ஒருத்தர் இருந்தார் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் புது ஸ்டோரேஜ் வந்தது. ஸ்டோரேஜ் என்றால், ஸ்கேன் படங்களையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து வைக்கிற பெட்டி. அது இரண்டாம் மாடியில் என் அறையில். படங்கள் பிறப்பது தரைத் தளத்தில் ஸ்கேன் சர்வரில். நடுவில் இரண்டு ஸ்விட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை இது, ஒரு கேபிளில் வருகிற சேதியை வாங்கி இன்னொரு கேபிளில் அனுப்புகிற பெட்டி. கீழே ஒரு பழைய ஸ்விட்ச், மேலே என் ரேக்கில் ஒரு புது ஸ்விட்ச். சர்வரிலிருந்து பழைய ஸ்விட்சுக்கு, சேதியை வெளிச்சமாகக் கொண்டுபோகிற சின்ன ஃபைபர் கேபிள் ஒன்று முன்பே இருந்தது. பழைய ஸ்விட்சிலிருந்து மேலே புது ஸ்விட்ச் வரைக்கும் நீளமாக ஒரு புதுக் கேபிள் போடவேண்டும். அதைத்தான் நம்ம ஆள் போட்டான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே படுத்து ஊர்ந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தான். வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைத்து இரண்டு முனையிலும் அளந்து காட்டினான். கேபிள் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஆனால் உடனே ஓட்ட முடியவில்லை. ஆயுத பூஜை வந்துவிட்டது. “புதுசை விஜயதசமில தொடங்குவோம்மா, நல்ல நாளு” என்று ஸ்கேன் அண்ணன் சொல்லிவிட்டார், நானும் சரியென்றேன். பூஜை அன்றைக்கு ஆஸ்பத்திரியே மணத்தது. ஆம்புலன்ஸ் டயருக்கு எலுமிச்சம்பழம், ஜெனரேட்டருக்கு மாலை, லிப்ட்டுக்கு மாவிலை, எக்ஸ்ரே மிஷினுக்குப் பட்டை. பொரியும் கடலையும் எல்லார் மேஜையிலும் சிதறிக் கிடந்தன. அண்ணன் சாம்பிராணியோடு என் அறைக்கும் வந்தார். வாசலில் கையை நீட்டி மறித்துவிட்டேன். “அண்ணே, புகை உள்ள வரக் கூடாது. வெளிக் கதவுல ஒரே ஒரு பொட்டு, அம்புட்டுத்தான்.” அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் ஏழு தலைமுறையும் கருகியிருக்கவேண்டும். கீழே அவர் ராஜ்யம். அங்கே மவுஸுக்கும் பொட்டு வைத்தார். எனக்கென்ன, பொரியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து ஸ்டோரேஜை ஓட்டினோம். முதல் படம் கிளம்பியது. பாதியில் நின்றது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நகர்ந்தது. அடுத்த படமும் அப்படியே. ஒரு நோயாளியின் படங்கள் மேலே போய்ச் சேருவதற்குள் அடுத்த ஆள் படுத்து எழுந்துவிடுவார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற சனம், “இன்னும் எம்புட்டு நேரம்?” என்று அண்ணனைக் கேட்டது. கேட்டால் தப்பில்லை, ஆனால் அண்ணனுக்கு அது அவமானம்.

மேலே புது ஸ்விட்சின் திரையில் பார்த்தேன். ஸ்டோரேஜ் கேபிள்களில் போகிற சேதி சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகும். அதற்கு ஃபிரேம் என்று பெயர். ஒன்று கெட்டால் மறுபடி அனுப்பவேண்டும், அதில்தான் தாமதம். கெட்டுப்போன ஃபிரேம் எந்தக் கேபிள் வழியாக எத்தனை வந்தது என்று அந்தத் திரை காட்டும். கெட்டவை வந்தது ஒரே வழியாகத்தான். கீழிருந்து வருகிற அந்தப் புதுக் கேபிள், நம்ம ஆள் போட்டது.

அவன் வந்து, மூச்சுக் காட்டாமல் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டான். அப்படியும் கெட்டவை வந்தன. வேறு கம்பெனிக் கேபிள் ஒன்று வாங்கி வந்து, மறுபடி சீலிங்குக்குள் படுத்து, முழுசாகவே மாற்றினான். அப்படியும் வந்தன. அண்ணன் கீழே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஒரு வயரை ஒழுங்கா இழுத்துக் கட்டத் தெரியாத பய, ஒரு குடும்பத்தை எப்படி இழுத்துட்டுப் போவான்? மொதல்ல இது சரியாகட்டும். அப்புறம்தான் மத்த பேச்சு.” ஆஸ்பத்திரி மேனேஜரும், வார முடிவுக்குள் சரியாகாவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆட்களைக் கூப்பிடுவோம் என்றார். அப்படி வேறு ஆள் வந்து சீலிங்கைப் பிரித்துவிட்டால் அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஓயாமல் பேசுகிறவன் அந்த வாரம் வாயே திறக்கவில்லை. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

சென்னையில் அந்த ஸ்விட்ச் விற்ற கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் பதில் ரொம்பத் தெளிவாக இருந்தது. கீழே இருக்கிற பழைய ஸ்விட்ச் ‘ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட்’ வகை. உள்ளே கெட்ட ஃபிரேம் வந்தால் அதுவே தூக்கி எறிந்துவிடும். அதைத் தாண்டி மேலே கெட்டது வருகிறதென்றால், அதற்குப் பிறகு இருக்கிற கேபிளில்தான் கெடுகிறது. “கேபிளை மாத்துங்க மேடம்.”

“முனையும் மாத்தியாச்சு, கேபிளும் மாத்தியாச்சு சார். அந்த ஸ்விட்ச்சை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?”

“மேனுவல்ல இருக்கு மேடம்.”

“எந்த மேனுவல்? எந்த வருஷத்து மேனுவல்?”

“செக் பண்ணிட்டுச் சொல்றேன் மேடம்.”

எனக்கு வந்த கோபத்தில் தாய்மொழி முந்திக்கொண்டது. சௌராஷ்டிரத்தில் நான் பொரிந்து தள்ளியதை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் பணிவாக, “மேடம், ஹிந்தி எனக்கு அவ்வளவா வராது” என்றார். போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

இதில் உள்ள சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பார்சல் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் பார்சல் முழுசாகக் கைக்கு வந்தபிறகு புரட்டிப் பார்ப்பார். நனைந்திருந்தால், கிழிந்திருந்தால், ‘இது ஆகாது’ என்று ஓரமாக வைத்துவிடுவார். இன்னொருத்தர் மேலே எழுதியிருக்கிற ஊரைப் படித்த நிமிஷமே தூக்கி பஸ்மேல் எறிந்துவிடுவார். உள்ளே உடைந்திருந்தால் அவருக்கென்ன. ஸ்விட்சும் இப்படி இரண்டு வகை. முதல் வகைதான் சென்னைக்காரர் சொன்னது. இரண்டாவது வகைக்குக் கட்-த்ரூ என்று பெயர். ஃபிரேமின் தலையில் உள்ள விலாசத்தைப் படித்ததுமே அனுப்பத் தொடங்கிவிடும். வால் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே தலை வெளியே போயிருக்கும். கெட்டதா நல்லதா என்று வாலைப் பார்த்தால்தான் தெரியும். தெரியும்போது அது போய்விட்டது.

சில பெட்டிகளில் இந்த இரண்டு முறையும் உண்டு, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். கீழே இருக்கிற பழையது ஒருவேளை கட்-த்ரூ முறையில் ஓடினால்? அப்போது கெட்ட ஃபிரேம் புதுக் கேபிளில் பிறந்திருக்கவேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஸ்விட்சுக்கு முன்னாலேயே, சர்வர் பக்கத்துச் சின்னக் கேபிளில் கெட்டு, பழைய ஸ்விட்ச் அதைப் பார்க்காமலே மேலே தள்ளி, புதுக் கேபிள் பாவம் சுமந்துகொண்டு மட்டும் வந்திருக்கலாம். ஆக, அந்தப் பெட்டி எந்த முறையில் ஓடுகிறது என்று தெரிந்தால், யார் மேல் பழி என்பதும் தெரிந்துவிடும்.

பெட்டியிடமே கேட்கலாம் என்றால் பாஸ்வேர்ட் இல்லை. அதை மாட்டியவர் துபாய்க்குப் போய்விட்டார். பாஸ்வேர்டை அழிக்கவேண்டுமென்றால் அதன் அமைப்பெல்லாம் அழிந்து ஸ்கேனே நின்றுபோகும். சரி, சர்வர் பக்கத்துச் சின்னக் கேபிளைக் கழற்றிப் பார்ப்போம் என்று போனால், அண்ணன் விடவில்லை. “அது வருஷக்கணக்கா நல்லா ஓடுது. புதுசு நீங்க போட்டது. உங்களோடத முதல்ல பாருங்க.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

உள்ளே கேட்க முடியாவிட்டால் வெளியே நின்று கண்டுபிடிக்கவேண்டியதுதான். வழி ரொம்பச் சுலபம். சர்வர் பக்கத்துச் சின்னக் கேபிளை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுக்கவேண்டும். ஃபைபர் கேபிளைக் கழற்றாமலே சிறு வளையமாக வளைத்தால் போதும், உள்ளே போகிற வெளிச்சம் கசியும், ஃபிரேம்கள் கெடும். அதே நேரத்தில் நான் மேலே திரையைப் பார்க்கவேண்டும். பழைய ஸ்விட்ச் சரிபார்க்கிற வகையாக இருந்தால், கெட்டதையெல்லாம் அதுவே எறிந்துவிடும். மேலே ஒன்றும் கூடாது. பார்க்காமல் அனுப்புகிற வகையாக இருந்தால், மேலே எண்ணிக்கை எகிறும்.

அண்ணனிடம் போய் நின்றேன். “அண்ணே, கேபிளைக் கழட்ட மாட்டேன். சும்மா வளைப்பேன். மதியம் ஸ்கேன் நிக்கிற நேரத்துல. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க.” “ஒடைஞ்சா?” என்றார். “ஒடைஞ்சா நான் பொறுப்பு, நாளையிலருந்து என் ரூம் முழுக்கச் சாம்பிராணி போட்டுக்குங்க” என்றேன். அவர் உதட்டோரம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. சரியென்றார்.

மதியம் வந்தது. சர்வரிலிருந்து பழைய படங்களை மொத்தமாக மேலே அனுப்புகிற மாதிரி ஓடவிட்டேன். கீழே அவன் கேபிளும் அதை வளைத்துச் சுற்ற ஒரு பேனாவுமாக நின்றான். பக்கத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலேயும் கீழேயும் பேச இன்டர்காம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு சேதி சொல்ல ஒரு ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண்தான். நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை, சத்தியமாக.

திரையில் எண்ணிக்கை எப்போதும்போல மெதுவாக, விக்கல் மாதிரி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தது. “ம், வளைக்கச் சொல்லும்மா” என்றேன்.

இன்டர்காமில் அவள் குரல் வந்தது. “அக்கா, அவுக வளைச்சிட்டாக.”

அவுக! தாய்மாமன் பக்கத்தில் நிற்கும்போது! எனக்குச் சிரிப்பு முட்டியது. அதற்குள் திரை என்னை இழுத்துக்கொண்டது. மதுரையில் எந்த ஆட்டோவிலும் மீட்டர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த எண் ஓடியது. “எடுக்கச் சொல்லு, எடுக்கச் சொல்லு!” என்று கத்தினேன். “அவுக எடுத்துட்டாகக்கா.” எண் பழையபடி விக்கலுக்கு வந்தது. மறுபடி வளைக்கச் சொன்னேன், மறுபடி பறந்தது. எடுக்கச் சொன்னேன், அடங்கியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்தப் பெட்டி எதையும் பார்க்கவில்லை. கட்-த்ரூ. வந்ததை வந்தபடி தள்ளிவிடுகிற பெட்டி. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டுப் படிக்கட்டில் குதித்துக் குதித்து இறங்கினேன்.

கீழே அண்ணன் இல்லை. இரண்டாவது ‘அவுக’ காதில் விழுந்ததும், “சாப்பிட்டு வாரேன்” என்று உள்ளறைக்குப் போய்விட்டாராம். போகும்போது, “இப்ப வேணா கழட்டிப் பாத்துக்கங்க, அப்படியென்ன இருக்குன்னு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது போதும். சர்வரை நிறுத்திவிட்டுச் சின்னக் கேபிளைக் கழற்றினோம். தம்பி தன் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து முனையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். “என்னடா?” என்று பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை முனையில் மஞ்சளாக ஒரு காய்ந்த பொருக்கு. அதன் நடுவில் சிவப்பு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

சந்தனம். சந்தனத்துக்கு மேல் குங்குமம்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ அக்கா, மாமாதான் வச்சாரு. பூசை அன்னிக்கு வேலை செய்ற பொருளுக்கெல்லாம் லீவுன்னு, எல்லா வயரையும் கழட்டித் தட்டுல வச்சுச் சாமி முன்னாடி வச்சோம். ஒவ்வொண்ணுக்கும் நுனியில பொட்டு வச்சாரு. நாந்தாங்க்கா தட்டைப் பிடிச்சேன்.” மறுநாள் பயபக்தியோடு பொட்டோடேயே திரும்பச் செருகியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸ்கேன் மேஜையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. “அக்கா, சொல்லிராதீங்க. இதைத் துடைச்சு மாட்டிருவோம். என் கேபிள்ல கோளாறு, நானே சரிபண்ணிட்டேன்னு இருக்கட்டும். அவரு மானஸ்தன். அவரு கையால ஆனதுன்னு தெரிஞ்சா அந்தக் கூச்சத்துலயே நம்ம பக்கம் திரும்ப மாட்டாரு” என்றான். எனக்கு வந்ததே கோபம். “ஏன்டா, சீலிங்ல ஒட்டடையோட உருண்டவன் நீ, பழியும் நீயே சுமப்பியா?” என்று ஆரம்பித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். சொன்னால் மாமன் முறுக்கிக்கொள்வார். சொல்லாவிட்டால் இவன் வேலை தெரியாதவன். இரண்டில் எதைச் செய்தாலும் கல்யாணத்துக்கு ஆபத்து.

முடிவு செய்தது நானும் இல்லை, அவனும் இல்லை. அந்தப் பெண் என் கையிலிருந்து கேபிளை வாங்கிக்கொண்டாள். “சொல்லாம விட்டா, இவுக காலம் பூராவும் கேபிள் போடத் தெரியாதவுகளாவே இருப்பாக. எனக்கு அது வேணாம்” என்றாள். சொல்லிவிட்டு நேராக உள்ளறைக்கு நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம்.

அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைத்திருந்தார். “மாமா, இதை மோந்து பாருங்க” என்று அவள் முனையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் மோந்தார். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையால் துண்டை எடுத்து அதைத் துடைக்கப் போனார். “அண்ணே, துண்டால துடைச்சிராதீங்க, கீறல் விழுந்துரும்!” என்று நான் அலறிய அலறலில் அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “இந்தத் துளியூண்டு சந்தனமா இம்புட்டு நாளு ஆட்டிவச்சுச்சு?”

“ஆமாண்ணே. அந்த நுனியில வெளிச்சம் போற வழி ஒரு தலைமுடி அளவுதான். அதுல பாதியைச் சந்தனம் அடைச்சிருக்கு.”

அவர் சாப்பாட்டை மூடி வைத்தார். கையைக் கழுவினார். எங்களைத் தாண்டி வெளியே போய், ஸ்கேன் மிஷின் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் ‘சொன்னேன்ல’ என்று இருந்தது. பையிலிருந்து ஸ்பிரிட்டும் பிரத்தியேகத் துணியும் எடுத்து முனையைத் துடைத்தான். துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி துடைத்து, சொருகினான். நான் சர்வரை ஓடவிட்டு, மறுபடி மாடிக்கு ஓடினேன்.

திரையில் எண்ணிக்கை நின்றிருந்தது. விக்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, தடையே இல்லாமல். இன்டர்காமை எடுத்தேன். “நின்னுருச்சாக்கா?” என்றாள் அவள், நான் வாயைத் திறப்பதற்குள். “நின்னுருச்சுடி! சுத்தமா நின்னுருச்சு!” என்று கத்தினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. வீட்டுக்காரர் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

மறுபடி இறங்கி வந்தபோது இன்டர்காம் அண்ணன் கையில் இருந்தது. மதிய ஸ்கேனுக்குக் காத்திருக்கிறவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் விடாமல் அவரையே பார்த்தார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை.

“மேனேஜர் சார், ஸ்கேன்லருந்து பேசுறேன். படமெல்லாம் நல்லாப் போகுது. சென்னை ஆளுக வேணாம். இல்ல சார், கேபிள்ல ஒண்ணுமே இல்ல. பூசை அன்னிக்கு நான் ஒரு வயர் நுனியில சந்தனம் வச்சிட்டேன், அதுதான் கோளாறு. ஆமா சார். நான்தான். வேற யாரும் இல்ல, நான்தான்.”

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நம்ம ஆள் பக்கம் திரும்பினார். “தம்பி, ஊர்ல உங்க அய்யா வீட்டுல போன் இருக்கா?”

நான் அவன் இடுப்பில் ஒரு குத்து விட்ட பிறகுதான், “பக்கத்து வீட்டுல இருக்குங்க” என்றான். நம்பரைச் சொன்னான், அதையும் தப்பாகச் சொல்லித் திருத்திச் சொன்னான். அண்ணன் ஆபரேட்டரிடம் வெளி லைன் கேட்டு வாங்கினார். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, காட்டுப் பக்கம் போய்க் கூப்பிட்டு, அவன் அய்யா வந்து சேரும்வரை அண்ணன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஸ்கேன் ஞாபகமே இல்லை. அந்தப் பெண் கீபோர்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

“அய்யா, நல்லா இருக்கீகளா? நான் சமயநல்லூர்லருந்து, பொண்ணுக்குத் தாய்மாமன் பேசுறேன்” என்றார். “வர்ற ஞாயித்துக்கிழமை நீங்களும் உங்க வீட்டம்மாவும் வாங்க. தட்டோட வாங்க, நாள் குறிச்சிருவோம்.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். அண்ணன் ஒரு கையால் ரிசீவரைப் பொத்தாமல், எங்கள் எல்லார் முன்னாலும் உரக்கவே சொன்னார்:

“அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. உங்க மகன் போட்ட கேபிள் நல்லாத்தான் இருக்கு.”